தாய்மாமன் முறை

மதுரை
14.9.2025

அன்புள்ள ஜெயா,

உன் மகள் கல்யாணப் பத்திரிகை வந்தது. உள்ளே நீ மடித்து வைத்திருந்த சீட்டையும் படித்தேன். போனில் சொல்லக் கூச்சப்பட்டு எழுதி வைத்திருக்கிறாய். நானும் எழுதியே பதில் சொல்கிறேன்.

"தாய்மாமன் முறைக்குப் பெரியப்பா மகன் செந்திலை நிறுத்திக்கிறோம்க்கா. முரளி அண்ணனுக்குக் கூட்டம் ஒத்துக்காது. கல்யாணம் முடிஞ்சு ஒருநாள் ரெண்டு பேரும் விருந்துக்கு வாங்க" என்கிறாய். கூட்டம் ஒத்துக்கொள்ளாது என்பது பாதி உண்மை. மீதிப் பாதியை நீ எழுதவில்லை. மாப்பிள்ளை வீட்டார் பார்ப்பார்கள், விசாரிப்பார்கள், "பொண்ணு வழியில இப்படி ஒண்ணு இருக்காமே" என்று பேச்சு கிளம்பும். அதுதானே உன் பயம்? உன்மேல் எனக்குக் கோபமில்லை. கோபப்பட எனக்குத் தகுதியும் இல்லை. ஏன் என்று கீழே சொல்கிறேன்.

இருபத்து நாலு வருஷமாக உன்னிடம் ஒரு பொய் சொல்லி வைத்திருக்கிறேன். 2001 தை மாதம் உன் கல்யாணத்துக்கு முரளி வரவில்லை என்று எவ்வளவு வருத்தப்பட்டாய்! கோயம்புத்தூரில் இன்டர்வியூ, தள்ளிப்போட முடியவில்லை என்று சொன்னோம். அவன் எங்கேயும் போகவில்லை. நம் வீட்டு மாடி அறையில்தான் இருந்தான். வெளியே கொண்டி போட்டது நான். மண்டபம் அடுத்த தெருதானே, நாதஸ்வரம் மாடிக்கு நன்றாகவே கேட்டிருக்கும். தாலி கட்டி முடிந்ததும் ஒரு இலையில் சாப்பாடு எடுத்துக்கொண்டு ஓடினேன். கதவைத் திறந்தபோது புதுவேட்டி கட்டி, தலை வாரி, கட்டிலில் உட்கார்ந்திருந்தான். "முடிஞ்சிருச்சாக்கா?" என்று கேட்டான். வேறு ஒன்றும் கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை.

1999இல் அவனுக்குச் சீக்கு ஆரம்பித்தபோது வயது 22. ரேடியோ செய்தியில் தன் பெயரைச் சொல்கிறார்கள் என்றான். ஒருநாள் அந்த ரேடியோவைத் துண்டில் சுற்றி அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்தான். நமக்கு என்ன தெரியும்? யாரோ வைத்தது, ஏதோ பட்டது என்றார்கள். அம்மா அவனைக் குணசீலம் கோயிலுக்குக் கூட்டிப்போய் ஒரு மண்டலம், 48 நாள், கூடவே இருந்தாள். அங்கே அவளுக்கு நிம்மதி கிடைத்ததை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அவளைப்போல ஐம்பது அம்மாக்கள் அங்கே இருந்தார்களாம். ஆனால் அவன் காதில் கேட்ட குரல் நிற்கவில்லை. உன் கல்யாணத்துக்குப் பிறகு, ஏர்வாடி தர்காவில் கொண்டுபோய் விட்டுவிடலாம் என்று அப்பாவும் மாமாவும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அந்த வருஷம் ஆகஸ்ட் 6ஆம் தேதி விடியற்காலையில்தான் ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த கொட்டகை எரிந்தது. சங்கிலியில் கட்டிப்போட்டிருந்தவர்கள் எழுந்து ஓட முடியவில்லை. 28 பேர் செத்துப்போனார்கள். மறுநாள் பேப்பரை அம்மா திண்ணையில் வைத்துப் படித்தாள். படித்துவிட்டு மாடிக்கு ஏறிப்போய் அந்தக் கொண்டியை ஸ்க்ரூ டிரைவரால் கழற்றி எடுத்துவந்து குப்பைத்தொட்டியில் போட்டாள். "நாமளும் பூட்டினவங்கதான்டி" என்றாள் என்னிடம். மறுவாரம் பெரியாஸ்பத்திரியில் மனநலப் பிரிவுக்கு அவனை அழைத்துப்போனோம். யாரையும் எந்த விதத்திலும் சங்கிலியில் கட்டக் கூடாது என்று 2017 மனநலச் சட்டத்தில் எழுதியிருக்கிறதாம். படித்தபோது எனக்கு அம்மாவின் ஸ்க்ரூ டிரைவர்தான் ஞாபகம் வந்தது.

மாத்திரை வேலை செய்ய ஆறேழு வாரம் ஆனது. ஒருநாள் காலையில் அவனே பானைக்குள்ளிருந்து ரேடியோவை எடுத்துத் துடைத்து வைத்தான். சீக்குக்கு அப்போதுதான் பெயர் சொன்னார்கள், மனச்சிதைவு என்று. நமக்கு அதுவரை தெரிந்த பெயரெல்லாம் வேறு. உன் மகள் நிச்சயதார்த்தத்தன்று பந்தியில் மாப்பிள்ளையின் சித்தப்பா யாரையோ "சரியான கீழ்ப்பாக்கம் கேஸ்" என்று சொல்லி எல்லாரும் சிரித்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? முரளியும் சிரித்தான். அவனுக்கு எதிர் இலையில்தான் நான் இருந்தேன். எத்தனை சினிமாவில் பார்த்துச் சிரித்திருக்கிறோம், அவர் மட்டும் என்ன செய்வார். ஆனால் கீழ்ப்பாக்கம் என்பது 1794இல் தொடங்கிய மனநல ஆஸ்பத்திரி. சாரதா மேனன் என்ற டாக்டரம்மா 1961இல் அதன் பொறுப்புக்கு வந்தார். நம் நாட்டிலேயே முதல் பெண் மனநல மருத்துவர். உள்ளே போனால் திரும்பாத இடம் என்றிருந்ததில், வந்து மருந்து வாங்கிக்கொண்டு அன்றே வீட்டுக்குத் திரும்பலாம் என்று புறநோயாளிப் பிரிவைக் கொண்டுவந்தவர் அவர். முரளி இன்று மாதம் ஒருமுறை சீட்டுக் காட்டி மாத்திரை வாங்கிக்கொண்டு 11 மணிக்கெல்லாம் கடைக்குத் திரும்புகிறான் என்றால், அந்த மாதிரி ஒருவர் எங்கோ ஒரு கதவைத் திறந்ததால்தான்.

இனி ரத்த விஷயம். உன் மகளுக்கும் அவள் பிள்ளைகளுக்கும் வந்துவிடுமோ என்றுதானே அவர்கள் கேட்பார்கள்? டாக்டரிடம் நானே ஒருமுறை கேட்டிருக்கிறேன். பெற்றவர்களில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வர ஏறக்குறைய பத்தில் ஒரு வாய்ப்பு. அப்போதும் பத்தில் ஒன்பது பேருக்கு வராது. அம்மாவின் ஒன்றுவிட்ட அண்ணனுக்கு இருப்பதால் கூடும் ஆபத்து மிகக் கொஞ்சம். சர்க்கரை வியாதிக்கு இந்தக் கணக்கைப் போட்டால் நம் ஊரில் ஒரு கல்யாணமும் நடக்காது. அவர்கள் கேட்டால் இதையே சொல். கேட்காவிட்டால் நீயாக ஆரம்பிக்க வேண்டாம். ஆனால் மறைக்காதே. மறைத்தால்தான் அது ஏதோ பெரிய குற்றம்போல ஆகும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 2012இல் அவனுக்கு மறுபடியும் உடம்புக்கு முடியாமல் போனதே, காரணம் உனக்குத் தெரியாது. ஒரு துக்க வீட்டில் நம் சொந்தக்காரர் ஒருவர் அவனைத் தனியாகக் கூப்பிட்டு, "இன்னுமா மாத்திரை போடுற? நல்லாத்தானே இருக்க. கிட்னி போயிரும்டா" என்றார். அக்கறையாகத்தான் சொன்னார். மாத்திரை சாப்பிடாதவன்தான் நல்லவன் என்று இவனுக்குப் பட்டிருக்கிறது. தினமும் சாக்கடையில் போட்டிருக்கிறான். ஆறாவது வாரம் தூக்கம் போனது. பிறகு மூன்று மாதம் நாங்கள் பட்டது கொஞ்சமல்ல. சர்க்கரை மாத்திரையை எல்லார் முன்னாலும் இலை ஓரத்தில் வைத்துக்கொண்டு சாப்பிடுகிறோம். இவன் மட்டும் பாத்ரூமுக்குப் போய்ப் போட்டுக்கொண்டு வருகிறான், இன்றைக்கும்.

இப்போது ஜெராக்ஸ் கடையில் பதினோரு வருஷமாக இருக்கிறான். ஸ்பைரல் பைண்டிங் முழுக்க அவன் கைதான். பரீட்சை சமயத்தில் ஒரு நாளைக்கு நூறு புத்தகம் போடுவான். சேர்ந்த அன்றைக்கே கடைக்காரரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "அதனால என்னம்மா, கல்லாவைப் பூட்டத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டார் அந்த பாய். சாவி இன்றும் இவனிடம்தான் இருக்கிறது.

ஜெயா, உன் அப்பா போன பிறகு நம் வீட்டில் நீயும் அவனும் ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். உன் மகளுக்குக் காது குத்தியபோதும் செந்தில் மடியில்தான் உட்கார்த்தி வைத்தோம். அப்போது இவனால் முடியவில்லை, சரி. இப்போது முடியும். செந்திலும் மாலை போடட்டும், அவனும் அண்ணன்தான். ஆனால் நெற்றியில் பட்டம் கட்டுவது முரளியாக இருக்கட்டும். விருந்துக்குத் தனியாக வா என்பது நல்ல மனசோடு சொன்னதுதான். அவனுக்கு அது அதே மாடி அறையாகத்தான் கேட்கும்.

நடைமுறை விஷயங்கள்: மாத்திரையால் அவன் விரல் லேசாக நடுங்கும். பட்டத்து நூலில் முடிச்சு விழக் கொஞ்சம் நேரமாகலாம். ஐயரிடம் அவசரப்படுத்த வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவை. வீடியோக்காரர் முகத்துக்கு நேரே லைட்டைப் பிடிக்க வேண்டாம். முந்தின நாள் ரிசப்ஷனுக்கு எட்டு மணிக்கு வந்து ஒன்பதுக்குக் கிளம்பிவிடுவோம், மாத்திரை போட்டால் அரை மணியில் கண் சொருகிவிடும். பாட்டுக் கச்சேரி ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் உட்கார மாட்டான். சட்டை 42. பட்டு எடுக்காதே, அவனுக்கு வியர்க்கும், பருத்தியே போதும்.

இந்தக் கடிதத்தை நான் அவனிடம் காட்டவில்லை. நீ கூப்பிடுவாய் என்றும் சொல்லவில்லை. ஆனால் நீ என்னைக் கூப்பிட்டுச் சொன்னால் அது எனக்கு வந்த அழைப்பாகிவிடும். அவனையே கூப்பிடு. ஏழரைக்குக் கடை அடைப்பான், அதன் பிறகு. புது நம்பர் என்றால் எடுக்க மாட்டான்; உன் நம்பரை நேற்றே அவன் செல்லில் ஏற்றிவிட்டேன். முதல் தடவை மணி அடித்து நின்றுவிடும், திரையில் பேரைப் பார்த்துக்கொண்டு நிற்பான். இரண்டாவது தடவை போடு.

அன்புடன்,
அக்கா