எல்டாப் ரீஸ்டார்ட்: சில குறிப்புகள்

ராத்திரி வேலை. எல்டாப் டைரக்டரி சர்வர் மட்டும் ரீஸ்டார்ட். மெயில் சர்வரை யாரும் தொடவில்லை. அதன் லாக் மட்டும் திரையில் ஓடுகிறது.

டைரக்டரியின் போர்ட் 389 மூடியாயிற்று. மெயில் வாங்கும் 25 திறந்தேதான் இருக்கிறது.

மெயில் சர்வரான போஸ்ட்ஃபிக்ஸின் லாகில் முதல் புகார்: எல்டாப் சர்வரைத் தொடர்புகொள்ள முடியவில்லை. பக்கத்தில் ஓர் எண். மைனஸ் 1. எல்டாப்பின் பிழைப் பட்டியலில் மைனஸ் எண்ணே கிடையாது. சர்வர் சொன்ன பதில் அல்ல இது. சர்வரைக் காணோம் என்று இந்தப் பக்கத்து லைப்ரரி தானாகப் போட்ட எண்.

அனுப்பியவருக்குப் போகும் பதில்: 451 4.3.0.

4-இல் தொடங்கினால் அப்புறம் வா. 5-இல் தொடங்கினால் வராதே.

அந்தப் பக்கமும் போஸ்ட்ஃபிக்ஸ் என்றால், செட்டிங் எதையும் மாற்றாமல் விட்டிருந்தால், குறைந்தது 300 விநாடி கழித்துத்தான் மறுபடி வரும். இடைவெளி போகப் போகக் கூடும், 4000 விநாடி வரை. 5 நாள் பொறுக்கும். அதற்குப் பிறகுதான் பவுன்ஸ்.

ஆக 20 விநாடி ரீஸ்டார்ட்டுக்கு 5 நிமிடத் தாமதம். யாருடைய ஓ.டி.பி.யோ அதற்குள் மாட்டிக்கொண்டிருக்கும். வந்து சேரும்போது காலாவதி.

மெயில் தொலையவில்லை. அந்த மட்டில் சரி.

சில ரீஸ்டார்ட் யாருக்கும் தெரியாமலே போய்விடும். இணைப்பு அறுந்திருந்தால் போஸ்ட்ஃபிக்ஸ் உடனே ஒருமுறை புதிதாகத் திறந்து அதே கேள்வியைக் கேட்கும். டைரக்டரி அதற்குள் எழுந்துவிட்டால் புகாரே இல்லை.

இரண்டு டைரக்டரி சர்வர் பெயர் கொடுத்து வைக்கலாம். முதலாவது விழுந்தால் அடுத்தது. போர்ட் மூடியிருந்தால் மறுப்பு உடனே வரும், அடுத்ததற்கு நகர்ந்துவிடும். நடுவில் ஃபயர்வால் சத்தமில்லாமல் விழுங்கினால் 10 விநாடி காத்திருப்பு.

மறுப்பு வேகமானது.

ஓப்பன்எல்டாப்பில் ஜென்டில்ஹப் என்றொரு செட்டிங். சிக்னல் கொடுத்தால் புது இணைப்பு வாங்காது. பழையவர்கள் எல்லோரும் போன பிறகு தானும் போகும். 'அவர்கள் போனால்' என்கிற சந்தேகம் மேனுவலிலேயே அடைப்புக்குறிக்குள் இருக்கிறது.

மெயில் படிக்க வருபவர்களின் பாஸ்வேர்டை டைரக்டரியில் சரிபார்க்கும் டவ்காட் பிடித்த இணைப்பை லேசில் விடாது.

ஒரு யூசரிடமிருந்து போன் வருகிறது. மெயில் ஆப் பாஸ்வேர்ட் கேட்கிறதாம், மாற்றிவிட்டீர்களா என்கிறார். மாற்றவில்லை. சரிபார்க்கத்தான் ஆள் இல்லை.

டவ்காட்டில் கேஷ் போட்டு வைக்கலாம். தானாக வராது, நாம்தான் போட வேண்டும். ஒரு மணி நேரம் நினைவு வைத்திருக்கும். டைரக்டரி பதில் சொல்லாத நேரத்தில் மட்டும் காலம் கடந்த நினைவையும் எடுத்துக்கொள்ளும்.

'அப்படி ஒரு யூசர் இல்லை' என்ற பதிலுக்கும் அதே ஒரு மணி நேரம்.

மெயில் சர்வர் எக்ஸ்சேஞ்ச் என்றால் வேறு மாதிரி. எந்த டொமைன் கன்ட்ரோலர் உயிரோடு இருக்கிறது என்று 15 நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்து ஈவன்ட் லாகில் பட்டியல் போடும். ஈவன்ட் 2080. ரீஸ்டார்ட்டுக்குப் பிறகு அட்மின் தேடும் எண்.

டைரக்டரியின் நகலாக ஒரு புது ரீப்ளிகா எழுகிறது. 389 திறந்துவிட்டது. டேட்டா இன்னும் வந்துகொண்டிருக்கிறது. பாதி ஆட்கள்தான் ஏறியிருக்கிறார்கள். கேட்டால் பதில் சொல்கிறது. பிழை எதுவும் இல்லை. தேடல் வெற்றி, கிடைத்தது பூஜ்யம்.

போஸ்ட்ஃபிக்ஸ் அதை நம்புகிறது. 550 5.1.1. அப்படி ஒருவர் இல்லை.

கண்காணிப்புத் திரையில் எல்லாம் பச்சை.

550 போன கடிதம் க்யூவில் நிற்காது. அந்த ராத்திரியே அனுப்பியவரிடம் திரும்பிவிடும். மெயிலிங் லிஸ்ட் மென்பொருள் பவுன்ஸைக் கணக்கில் ஏற்றிக்கொள்ளும்.

சாஃப்ட் பவுன்ஸ் என்று போஸ்ட்ஃபிக்ஸில் ஒரு செட்டிங். எஸ் என்று போட்டால் 5 சொல்ல வேண்டிய இடத்தில் 4 சொல்லும். வேலை முடிந்ததும் எடுத்துவிட வேண்டும்.

ரீப்ளிகாவை மெயில் சர்வருக்குக் காட்டும் முன் இரண்டு பக்கமும் என்ட்ரிகளை எண்ணிப் பாருங்கள். போர்ட் திறந்திருப்பது கணக்கில் சேராது.