“ஓடாத டிராக்டரை எதுக்கும்மா குடுக்கறோம்?” - ஆட்டுக்கொட்டகையில் ஒரு பையன் படித்த பாடம்

ஜூன் மாதம். ஊரெல்லாம் பிள்ளைகளுக்கு யூனிஃபார்ம் தைக்கக் கொடுத்துக்கொண்டிருந்த நேரம். காங்கேயம் பக்கத்துக் கிராமம் ஒன்றில், ஐந்து வயதுப் பையன் ஒருவன் அடைக்கோழிக் கூடையின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். அவன் யு.கே.ஜி-க்குப் போகவில்லை.

திருப்பூரில் எல்.கே.ஜி படித்த வருடம் அவன் பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துபோயிருந்தது. வீட்டில் நாலு வார்த்தை, பள்ளியில் ஒன்றுமே இல்லை. டாக்டர் பார்த்துவிட்டு, “காது நல்லா இருக்கு, புரிஞ்சுக்கறான், அவசரப்படுத்தாதீங்க” என்றார். ஏப்ரலில் தாத்தா காலமானார். கிராமத்தில் அப்பத்தா தனியாகிவிட்டார். கூடவே இரண்டு மாடு, ஏழு ஆடு, சில கோழிகள். “எல்லாத்தையும் வித்துட்டு டவுனுக்கு வந்துருங்க” என்றார்கள் உறவுக்காரர்கள். அப்பத்தா அசையவில்லை.

கடைசியில் அசைந்தது மருமகள்தான். ஒரு வருடம் பையனோடு கிராமத்தில் இருந்துவிடுவது, பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் கணவர் வாரக் கடைசியில் வந்து போவது என்று முடிவானது. கட்டாயக் கல்விச் சட்டம் ஆறு வயதிலிருந்துதான் தொடங்குகிறது. அதுவரை பையன் வீட்டில் படிக்கட்டும் என்று நினைத்தார் அம்மா.

‘ஹோம்ஸ்கூலிங்’ என்று போனில் தேடினால் கலர் கலராக அட்டைகள், மர பொம்மைகள், ஆயிரக்கணக்கில் விலை. அம்மா போனை வைத்துவிட்டுக் கொட்டகைக்குப் போனார்.

21 கட்டங்கள்

முதல் பாடம் கோழி. அப்பத்தா கூடையில் மணல் பரப்பி, கரித்துண்டும் வரமிளகாயும் போட்டு, 11 முட்டை அடை வைத்தார். அம்மா பழைய காலண்டரின் பின்பக்கம் 21 கட்டம் போட்டுச் சுவரில் ஒட்டினார். தினமும் காலையில் ஒரு கட்டத்துக்குக் கலர் அடிப்பது பையனின் வேலை.

ஏழாம் நாள் இரவு விளக்கை அணைத்துவிட்டு, செல்போன் டார்ச்சின் மேல் ஒவ்வொரு முட்டையாக வைத்துப் பார்த்தார்கள். உள்ளே சிலந்தி வலை மாதிரி சிவப்பு நரம்புகள். இரண்டு முட்டையில் மட்டும் எதுவும் இல்லை. “கூமுட்டை” என்றார் அப்பத்தா. பையன் அந்த வார்த்தையை நாலு தடவை சொல்லிப் பார்த்துச் சிரித்தான். பல நாள் கழித்து அவன் தானாகச் சொன்ன புது வார்த்தை அது.

11-இல் 2 போனால் 9. அதில் ஒன்று பொரியவில்லை, 8. ஒன்றைப் பருந்து கொண்டு போனது, 7. கழித்தல் கணக்கு தனியாகச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. பருந்து கொண்டு போன அன்று மட்டும் அவன் கட்டத்தில் எதையும் வரையாமல் விட்டுவிட்டான். அம்மாவும் வற்புறுத்தவில்லை.

நிறம் மாறிய கன்று

ஜூலையில் காங்கேயம் மாடு கன்று போட்டது. சாம்பல் நிற மாட்டுக்குச் செவலைக் கன்று! “மாத்திக் குடுத்துட்டாங்களா?” என்று கேட்டான். காங்கேயம் கன்றுகள் பிறக்கும்போது செம்மையாக இருந்து, ஆறு மாதம் ஆகும்போது சாம்பல் நிறத்துக்கு மாறிவிடும். அம்மா அதைச் சொல்லாமல், “நீயே பாரு” என்று ஒரு நோட்டைக் கொடுத்தார். மாதம் ஒருமுறை கன்றைப் பார்த்து, அதே நிறத்தை கிரேயானில் தேடித் தீட்டினான். பொங்கலுக்குள் நோட்டில் செங்கல் நிறம் சாம்பலில் வந்து நின்றது.

சாயங்காலம் பால் சொசைட்டிக்கு அப்பத்தாவோடு கேனைப் பிடித்துக்கொண்டு நடப்பான். ராத்திரி மாடு அசை போடுவதை எண்ணுவான். மாட்டுக்கு மேல்தாடையில் முன்பல் இல்லை என்பதை அவனே கண்டுபிடித்து, வாரக் கடைசியில் வந்த அப்பாவின் வாயைத் திறக்கச் சொல்லி ஒப்பிட்டுப் பார்த்தான். பேச்சு வந்துகொண்டிருந்தது. முதலில் மாட்டிடம், பிறகு மனிதர்களிடம்.

ஓடாத டிராக்டர்

அடுத்து, கொடுக்கிற பழக்கத்தைச் சொல்லித்தர வேண்டும் என்று அம்மா திட்டம் போட்டார். தெருமுனை வீட்டில் ஒரு அத்தை. கணவர் இல்லை. நூறு நாள் வேலைக்குப் போகிறவர். ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகள். கணவரின் ஆஸ்பத்திரிச் செலவுக்காக வைத்திருந்த ஆடுகளையெல்லாம் விற்றுவிட்டவர்.

“அவங்களுக்குக் கொடுக்க நம்ம வீட்டிலிருந்து ஏதாவது எடுத்து வை” என்று ஒரு கட்டைப்பையைக் கொடுத்தார். சிறிதாகிப்போன சட்டைகளை எடுத்து வைத்தான். அம்மாவும் தன் பங்குக்குச் சக்கரம் உடைந்த பொம்மை டிராக்டரை எடுத்துப் பையில் போட்டார்.

பையன் அதை வெளியே எடுத்துப் பார்த்தான். “இது ஓடாதும்மா. அந்த அக்கா பெரிய பொண்ணு. ஓடாத டிராக்டரை எதுக்கும்மா குடுக்கறோம்?”

அம்மாவிடம் பதில் இல்லை. கொடுக்கிற பாடம் என்ற பெயரில் அலமாரியைக் காலி செய்துகொண்டிருந்தோமே என்று அன்றிரவு கணவரிடம் போனில் சொன்னார்.

அப்பத்தாவின் முறை வேறு. கோழி இடும் முட்டையில் ஐந்துக்கு ஒன்று தெருமுனை வீட்டுக்கு. பையன் இருப்பதிலேயே சின்னதாகப் பார்த்து எடுப்பான். அப்பத்தா ஒன்றும் சொல்லாமல் அதைத் திரும்ப வைத்துவிட்டுப் பெரியதை அவன் கையில் கொடுப்பார். ஒருநாள் மட்டும் சொன்னார்: “குடுக்கறதுன்னா நல்லதாப் பாத்துக் குடுக்கோணும் சாமி. அவங்க நம்மளைவிடக் கொறஞ்சவங்க இல்ல.” மூன்று வாரத்தில் பெரிய முட்டைகளை அவனே தேட ஆரம்பித்தான்.

தாத்தா சொன்ன வாக்கு

நவம்பர் மழையில் கருப்பி என்ற வெள்ளாடு இரண்டு குட்டி போட்டது. ஒன்று பொட்டை, ஒன்று கெடா. சினை பிடித்ததிலிருந்து ஐந்து மாதம் காலண்டர் கிழித்துக் காத்திருந்தவன் பையன்தான். குட்டிகள் எழுந்து நிற்கத் தடுமாறியதையும், அப்பத்தா அவற்றைத் தூக்கிச் சீம்பால் குடிக்கவிட்டதையும் லாந்தர் வெளிச்சத்தில் பார்த்தான். பொட்டைக் குட்டிக்கு நெற்றியில் வெள்ளைப் பொட்டு. ‘நெலா’ என்று பெயர் வைத்தான்.

விஷயம் தெரிந்தபோது வீட்டில் யாருக்கும் சொல்ல வாய் வரவில்லை. தாத்தா இறப்பதற்கு முன், தெருமுனை வீட்டு அத்தைக்கு வாக்குக் கொடுத்திருந்தார்: “கருப்பியோட அடுத்த ஈத்துல பொட்டைக் குட்டி உனக்கு.” அப்பத்தாவுக்கு அது மாற்ற முடியாத வார்த்தை. பால் மறந்த பிறகு நெலா போக வேண்டும்.

“கெடாவைக் குடுங்க” என்று அழுதான் பையன்.

“கெடாவைக் குடுத்தா ஒருநாள் காசு சாமி. பொட்டைக் குட்டி குடுத்தா பெருகும்” என்றார் அப்பத்தா.

“அப்போ கெடா எங்க போகும்?”

அந்தக் கேள்விக்கு மழுப்பலான பதில் சொல்லலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தார் அம்மா. பிறகு உண்மையைச் சொன்னார். வளர்ந்ததும் விற்பார்கள். கறிக்குத்தான் வாங்குவார்கள். தாத்தா அப்படி விற்றுத்தான் அப்பாவைப் படிக்க வைத்தார். பையன் அன்று சாப்பிடவில்லை. அதன் பிறகு பல வாரம் கறிக்குழம்பைத் தொடவில்லை. யாரும் அவனை வற்புறுத்தவில்லை, கேலி செய்யவும் இல்லை.

‘குட்டியைப் பிடுங்கிக் கொடுத்தால் அது அவன் கொடுத்ததாக இருக்காது, அவனிடமிருந்து எடுத்ததாகத்தான் இருக்கும்’ என்று அம்மாவுக்குத் தோன்றியது. இன்னும் நாள் இருந்தது. இரவுகளில் ஒரு கதை சொன்னார். கற்பனை இல்லை, நடந்த கதை.

உகாண்டாவில் பியாட்ரிஸ் பிரா என்று ஒரு சிறுமி. பள்ளிக்கு அனுப்ப வீட்டில் பணம் இல்லை. ஹெய்ஃபர் இன்டர்நேஷனல் என்ற அமைப்பின் மூலம் அந்தக் குடும்பத்துக்கு ஒரு ஆடு கிடைத்தது. அது குட்டி போட்டது, பால் கொடுத்தது. பாலை விற்ற பணத்தில் ஒன்பது வயதில் பள்ளிக்குப் போனாள் பியாட்ரிஸ். அவள் கதை 2001-இல் குழந்தைகள் புத்தகமாக வந்தது. 2008-இல் அமெரிக்காவில் கல்லூரிப் பட்டமே வாங்கிவிட்டாள். 1944-இல் 17 கிடாரிகளைக் கப்பலில் பியூர்டோ ரிக்கோவுக்கு அனுப்பித் தொடங்கிய அந்த அமைப்பில் ஒரு விதி உண்டு. விலங்கைப் பெற்றவர், அது போடும் பெண் குட்டியை இன்னொரு குடும்பத்துக்குக் கொடுக்க வேண்டும்.

பையன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டான். “அந்த ஆட்டைக் குடுத்தவங்க வீட்டுல ஒரு பையன் அழுதிருப்பானா?”

“தெரியலையே கண்ணு. அழுதிருக்கலாம்” என்றார் அம்மா.

சும்மா வேண்டாமுங்க்கா

மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. யாரும் சொல்லாமலே பையன் ஒரு கட்டு அகத்திக்கீரையை எடுத்துக்கொண்டான். நெலாவின் கயிறு அவன் கையில். பின்னால் அம்மா, அப்பா, அப்பத்தா.

‘அத்தை சந்தோஷப்படுவாங்க, உனக்குத் தேங்க்ஸ் சொல்லுவாங்க’ என்று அம்மா சொல்லி வைத்திருந்தார். ஆனால் தெருமுனை வீட்டு அத்தை குட்டியைப் பார்த்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“சும்மா வேண்டாமுங்க்கா. வாரத்துக்குன்னா சொல்லுங்க, புடிச்சுக்கறேன்.”

வாரம் என்பது கிராமத்தில் காலங்காலமாக இருக்கும் ஏற்பாடு. ஆட்டைக் கொடுத்தவர் ஒருவர், வளர்ப்பவர் ஒருவர். போடும் குட்டிகளில் இருவருக்கும் பங்கு.

“அவரு சும்மாத் தர்றேன்னுதானே சொன்னாரு” என்றார் அப்பத்தா.

“மாமா சொன்னாருங்க. நான் சரின்னு சொல்லலையே. மொத ஈத்துல ஒரு பொட்டைக் குட்டி உங்க கொட்டகைக்கு வந்துரும். அதுக்கு ஒத்துக்கிட்டா இது என் வீட்டுல இருக்கும்.”

கால் மணி நேரம் பேச்சு நடந்தது. கடைசியில் ஜெயித்தது அந்த அத்தைதான். அம்மாவுக்கு அன்றுதான் இன்னொரு பக்கம் புரிந்தது. கொடுப்பதைப் பற்றி அத்தனை யோசித்தவர், வாங்குகிறவரின் பக்கத்தை யோசிக்கவே இல்லை. தலை குனியாமல் வாங்குவதற்கும் ஒரு வழி வேண்டும். அதை ஊர் ஏற்கெனவே வைத்திருந்தது.

பையன் கயிற்றை அக்காவிடம் கொடுத்தான். “இதுக்கு அகத்தி பிடிக்கும். ராத்திரி தனியா இருந்தா கத்தும்” என்றான். அந்த இரண்டு வாக்கியத்தையும் தடங்கல் இல்லாமல் முழுதாகச் சொன்னான். திரும்பி வரும்போது அப்பாவின் தோளில் முகம் புதைத்து அழுதான்.

உங்கள் வீட்டிலும் செய்யலாம்

கொட்டகை இல்லாத வீடுகளிலும் இதில் பலவற்றைச் செய்ய முடியும்.

- மெல்லிய ரப்பர் கையுறையில் தண்ணீர் நிரப்பி, விரல் நுனியில் ஊசியால் துளையிட்டுக் கட்டித் தொங்கவிடுங்கள். மேலே பிடித்துக் கீழ்நோக்கி அழுத்தினால்தான் ‘பால்’ வரும் என்பதைக் குழந்தை தானே கண்டுபிடிக்கும்.
- பாலாடை சேர்த்து உறை ஊற்றிய தயிரை மூடியுள்ள பாட்டிலில் பாதி ஊற்றிக் குலுக்கச் சொல்லுங்கள். வெண்ணெய் திரண்டு வருவதைப் பார்க்கும் முகத்தைப் படம் எடுத்து வையுங்கள்.
- பக்கத்தில் பால்காரர் வீடோ கோழி வளர்ப்பவர் வீடோ இருந்தால் மாதம் ஒருமுறை அழைத்துப் போங்கள். ஒரே கன்றையோ குஞ்சையோ ஒவ்வொரு முறையும் வரையட்டும்.
- வெயில் காலத்தில் வாசலில் மண் தொட்டியில் தண்ணீர். தினமும் கழுவி நிரப்புவது குழந்தையின் பொறுப்பு.
- கொடுக்கும் பொருளைக் குழந்தையே தேர்ந்தெடுக்கட்டும். ‘இதை உனக்கு யாராவது கொடுத்தால் சந்தோஷப்படுவாயா?’ என்று மட்டும் கேளுங்கள்.
- விலங்குகளைத் தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுவது கட்டாயம். காய்ச்சாத பால் வேண்டாம். குட்டியோடு இருக்கும் தாயிடம் பெரியவர் துணையில்லாமல் போக விடாதீர்கள்.

மறுபடியும் ஜூன்

இந்த ஜூனில் பையன் ஊரிலிருக்கும் அரசு தொடக்கப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு சேர்ந்தான். மாடுகளும் ஆடுகளும் விற்கப்படவில்லை. அப்பா இன்னும் வாரக் கடைசியில்தான் வருகிறார். அது கஷ்டம்தான், அதற்கு இன்னும் வழி தெரியவில்லை.

முதல் நாள், “உங்க வீட்டுல யாரெல்லாம் இருக்கீங்க?” என்று டீச்சர் கேட்டாராம். அம்மா, அப்பா, அப்பத்தா, கருப்பி, ஏழு கோழி என்று வரிசையாகச் சொன்னவன், “நெலா தெருமுனை வீட்டுல இருக்கு. அது குட்டி போட்டா ஒண்ணு எங்களுக்கு” என்று முடித்தானாம்.

சாயங்காலம் பள்ளி விட்டு வரும் வழியில்தான் நெலா மேயும். பையன் பெயர் சொல்லிக் கூப்பிடுவான். அது தலையைத் தூக்கிப் பார்க்கும். பிறகு குனிந்து கொழுக்கட்டைப் புல்லை மேயத் தொடங்கிவிடும். அவனும் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு ஓடுவான். அங்கே இன்றைய முட்டைகளை எண்ண வேண்டும்.