திங்கட்கிழமையின் முதல் பீஸ்

லேத் பட்டறைக்குத் திங்கட்கிழமை என்பது சனிக்கிழமை சாயங்காலமே தொடங்கிவிடுகிறது. கோவையில் ஆவாரம்பாளையம், கணபதி பக்கம் ஜாப் ஒர்க் பட்டறைகள் பலவற்றில் சனிக்கிழமைதான் சம்பளம். காசு கைக்கு வந்ததும் கால் வாசலைத்தான் தேடும். அந்த நேரத்தில் ஒருவர் நின்று, கூலன்ட் தொட்டியில் மிதக்கும் ஆயிலை வழித்தெடுக்க வேண்டும்.

தண்ணீரில் கலந்த கூலன்ட் மேல், மெஷினிலிருந்து கசியும் ஆயில் ஏடாகப் படியும். கூலன்ட் பம்ப் ஓடும் நாட்களில் தொட்டி கலங்கிக்கொண்டே இருப்பதால் காற்று கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை பம்ப் நின்றதும் அந்த ஏடு காற்றை அடைத்துவிடும். காற்றில்லாத இடத்தில் பெருகும் பாக்டீரியாக்கள் ஹைட்ரஜன் சல்பைடை உண்டாக்கும். திங்கட்கிழமை ஷட்டரைத் தூக்கியதும் அழுகிய முட்டை நாற்றம் அடிப்பது அதனால்தான். கெட்டுப்போன கூலன்ட் ஜாபைத் துருப்பிடிக்க வைக்கும், கையில் அரிப்பைக் கொடுக்கும்.

எங்கள் பட்டறையில் அந்த ஆயிலை வழிப்பவர், மெஷினில் சீவி விழும் சுருளை அள்ளும் அக்கா. வார்ப்பிரும்புத் தூள் ஒரு டிரம்மில், ஸ்டீல் சுருள் இன்னொன்றில். பித்தளையைத் தனியாகக் கொட்டி, கைக்கடக்கமான ஒரு காந்தத்தை அதன் மேல் மெதுவாக ஓட்டுவார். நுனியில் ஒட்டும் இரும்புப் பொடியை விரலால் தட்டிவிட்டு மறுபடி ஓட்டுவார், காந்தம் வெறுமனே வரும்வரை. பித்தளையில் இரும்பு கலந்தால் விலை இறங்கிவிடும். திங்கட்கிழமை எங்களுக்கு முன்னால் வந்து தொட்டியை முகர்ந்து பார்ப்பவரும் அவர்தான். “தம்பி, இந்தத் தொட்டி வாடை வேற மாதிரி இருக்குதுங்க, மாத்தீட்டு ஓட்டுங்க” என்றால் மாற்றிவிட்டுத்தான் ஓட்டுவோம். அவரை யாரும் டெக்னீஷியன் என்று அழைத்ததில்லை. அழைக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

அப்புறம் என் வேலை. லேத் பெட்டில் ஞாயிறு முழுக்கப் படிந்த தூசியைத் துணியால் துடைத்து, ஆயில் விட வேண்டும். வார்ப்பிரும்புத் தூளும் வார்ப்பு மணலும் பறக்கும் ஊர் இது. துடைக்காமல் கேரேஜை நகர்த்தினால் அந்தத் தூளே பெட்டை அரைத்துவிடும். பெரும்பாலான வேலை சக்கின் பக்கம் நடப்பதால் தேய்மானமும் அங்கேதான் அதிகம். அந்த இடத்தில் என் கை கொஞ்சம் கூடுதலாக நிற்கும். ஊதுவத்தி ஏற்றியபின், மெஷினைக் குறைந்த வேகத்தில் சும்மா ஓடவிடுவேன். அடியில் இறங்கிக் கிடந்த ஆயில் கியர்களுக்கு ஏற வேண்டும், ஹெட்ஸ்டாக் சூடு ஒரு நிலைக்கு வர வேண்டும். பீஸ் கணக்கில் கூலி வாங்குகிறவருக்கு இந்த நேரத்துக்குச் சல்லிக்காசு கிடையாது. இருந்தும் நல்ல ஆபரேட்டர்கள் இதைச் சுருக்குவதில்லை.

முதல் பீஸ் வருகிறது. 6205 பேரிங் உட்காரும் பம்ப் செட் ஷாஃப்ட், விட்டம் 25 மில்லிமீட்டர். கே6 ஃபிட் என்று டிராயிங்கில் போட்டிருந்தால் 25.002-க்கும் 25.015-க்கும் நடுவில் நிற்க வேண்டும். மொத்த இடைவெளி 13 மைக்ரான். வெட்டி முடித்த ஷாஃப்ட் அறைச் சூட்டைவிட 40 டிகிரி கூடுதலாக இருந்தால், ஸ்டீல் சுமார் 11 மைக்ரான் விரிந்திருக்கும். அந்தச் சூட்டில் அளந்து சரி என்று வைத்தால், ஆறியதும் சுருங்கிப் பேரிங் லூஸாகிவிடும். பம்ப் செட்டில் போய் உட்கார்ந்தபின் ஷாஃப்டும் பேரிங்கும் ஒன்றையொன்று தின்னும். அவிழ்த்துப் போடுவது எங்கோ கிணற்று மேட்டில் நிற்கும் ஒரு விவசாயி.

ஆகவே ஷாஃப்ட் ஆறும்வரை காத்திருக்கிறேன். அதற்குள் மைக்ரோமீட்டரின் முகங்களைத் துடைத்து, 25 மில்லிமீட்டர் ஸ்டாண்டர்டு துண்டை வைத்து ஜீரோ பார்த்துவிடுவேன். மைக்ரோமீட்டரையும் கையிலேயே வைத்திருக்கக் கூடாது. உள்ளங்கைச் சூடு அதையும் விரித்துவிடும். ராட்செட்டை மூன்று முறை கிளிக் கிளிக்கென்று திருப்பி நிறுத்தி, ஒரே இடத்தில் அளக்காமல் ஷாஃப்டைச் சுற்றி மூன்று இடத்தில் பார்க்கிறேன். பெட் தேய்ந்த மெஷினில் ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் டேப்பர் வரும், அதையும் பார்க்கிறேன்.

என் அளவு மட்டும் போதாது. பக்கத்து மெஷின்காரர் தன்னுடைய மைக்ரோமீட்டரில் வாங்கிப் பார்த்து, “ஓகேங்கண்ணா” என்றபின் சாக்பீஸால் ஒரு டிக் போட்டுத் தனியாக வைப்பேன். அதன் பிறகுதான் மீதி பீஸ்கள். அவருடைய முதல் பீஸை நான் பார்ப்பேன்.