இரண்டு குழந்தைகள் தேவை

தீவு வாழ்க்கையைச் சித்திரிக்கப் புகும் தொலைக்காட்சி நாடகங்கள் பெரும்பாலும் அலையையும் பாறையையும் மூடுபனியையும் காட்டியே நேயர்களை மயக்கிவிடுகின்றன. அதிலும் ஸ்காட்லாந்தின் மேற்குக் கடலிலுள்ள தீவுகள் என்றால், மேகம் கவிந்த மலையும் அதன் அடிவாரத்தில் தனித்து நிற்கும் வெள்ளை வீடும் பாதி நாடகத்தைத் தாமே நடத்திக் கொடுத்துவிடும். 2001 முதல் 2003 வரை பி.பி.சி.யில் ஒளிபரப்பான ‘டூ தௌசண்ட் ஏக்கர்ஸ் ஆஃப் ஸ்கை’ என்ற நாடகத்திலும் இந்த வனப்புக்குக் குறைவில்லை. ஆனால் அதன்மேல் எனக்கு உண்டான பிரியத்துக்குக் காரணம் வேறு. ஒரு சின்னஞ்சிறு தீவின் ஜீவன் எந்த இடத்தில் தங்கியிருக்கிறது என்பதைச் சரியாகக் கண்டுகொண்டு, பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேட்டிலிருந்து அது தன் கதையைத் தொடங்குகிறது.

ஸ்கை தீவை அடுத்து இருப்பதாகக் கற்பிக்கப்பட்ட ரோனன்சே என்ற தீவு அதன் களம். படமெடுத்தது என்னவோ பெருநிலத்தின் தென்மேற்குக் கோடியிலுள்ள போர்ட் லோகன் என்ற கடற்கரைக் கிராமத்தில்; அது கதைக்கு எவ்வித ஊனத்தையும் செய்யவில்லை. குழந்தைகள் குறைந்து போனதால் பள்ளிக்கூடம் மூடப்படும் தறுவாயில் இருக்க, இரண்டு குழந்தைகளாவது உள்ள தம்பதிகள் வந்து குடியேறி, சீர்கெட்டுக் கிடக்கும் விருந்தினர் விடுதியை எடுத்து நடத்த வேண்டும் என்று தீவார் விளம்பரம் செய்கிறார்கள். லண்டனில் இரண்டு குழந்தைகளை ஒண்டியாக வளர்த்துவரும் ஆபி என்ற பெண் அதைக் கண்ணுற்று, உடன் வரப் புருஷன் இல்லாத குறையை மறைக்கக் கென்னி என்ற சிநேகிதனைக் கணவனாக நடிக்கச் சம்மதிக்க வைத்து, தீவுக்கு வந்து சேர்கிறாள். மிஷெல் காலின்ஸும் பால் கேயும் இந்தப் பொய்த் தாம்பத்தியத்தை நடித்த நேர்த்தியைப் பற்றி விஸ்தாரமாக எழுதலாம். என் மனம் அந்த விளம்பரத்திலேயே நின்றுவிடுகிறது.

வருகிறவர்கள் நல்லவர்களா, உழைப்பாளிகளா என்பதெல்லாம் பிற்பாடு. முதலில் குழந்தைகள் எத்தனை என்று கேட்க வேண்டிய நிர்ப்பந்தத்துக்கு ஒரு சமூகம் ஆளாவதை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது. பள்ளிக்கூடம் போய்விட்டால் இளந்தம்பதிகள் அங்கே குடிவர மாட்டார்கள்; இருப்பவர்களும் குழந்தையின் ஐந்தாம் வயதுக்குள் மூட்டை கட்டிவிடுவார்கள்; மிஞ்சுகிறவர்கள் முதியவர்களும் தனியர்களுமாக, கப்பல் வந்தால் கயிற்றை வாங்கிக் கட்டவும் ஆள் இல்லாமல் நிற்பார்கள்.

இது நாடகக்காரரின் கற்பனை பிறப்பித்த பயம் அன்று. வெளி ஹெப்ரிடீஸ் தீவுகளுக்கும் மேற்கே, அட்லாண்டிக் சமுத்திரத்தில் தன்னந்தனியே கிடக்கும் செயின்ட் கில்டாவில் முதல் உலக யுத்தத்துக்குப் பின் வாலிபர்கள் ஒருவர்பின் ஒருவராக வெளியேற, படகு வலிக்கவும் செங்குத்தான பாறைகளில் இறங்கிக் கடற்பறவைகளைப் பிடிக்கவும் போதிய கைகள் இல்லாமற் போயின. மிஞ்சியவர்கள் தாமே சர்க்காருக்கு மனு எழுதி, 1930 ஆகஸ்ட் 29 அன்று, முப்பத்தாறு பேராக, ‘ஹேர்பெல்’ என்ற கப்பலில் ஏறித் தீவைக் காலி செய்தார்கள். புறப்படுமுன் ஒவ்வொரு வீட்டிலும் விவிலியத்தைத் திறந்து வைத்து, பக்கத்தில் சிறிது ஓட்ஸ் தானியத்தையும் வைத்துவிட்டுப் போனார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. கூட அழைத்துச் செல்ல இயலாத நாய்களைக் கழுத்தில் கல்லைக் கட்டிக் கடலில் அமிழ்த்தினார்கள். அந்த நாய்களில்லாமல் ஆடுகளை மேய்த்திராத மனிதர்கள் தம் கையாலேயே அதைச் செய்தார்கள்.

நாடகம் முடிந்து மூன்று வருஷங்கள் ஆனபின், 2006-இல், அதன் கதையே மெய்யாக நடந்தது. இருபது பேர்கூட வசிக்காத கன்னா தீவை நிர்வகிக்கும் ஸ்காட்லாந்து தேசிய அறக்கட்டளை, குடியேறக் குடும்பங்கள் தேவை என்று விளம்பரம் செய்தது. உலகத்தின் பல பாகங்களிலிருந்தும் விண்ணப்பங்கள் வந்தன. தேர்ந்தெடுக்கப்பட்டு வந்தவர்களில் சிலர் சில வருஷங்களுக்குள் திரும்பிப் போய்விட்டார்கள். அவர்களைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. ஒரு கிராமத்தின் ஆயுளைத் தன் தோளில் சுமந்துகொண்டு குடித்தனம் செய்வது எந்தக் குடும்பத்துக்கும் எளிதான காரியம் அல்லவே!

ரோனன்சேயின் கதையில் எனக்கு ஒரு குறை உண்டு. கன்னா முதலான சிறு தீவுகளின் குழந்தைகள் ஆரம்பப் பள்ளியை முடித்ததும், பன்னிரண்டாம் வயது வாக்கில், கப்பலேறிப் பெருநிலத்திலுள்ள மாலெய்க் துறைமுகத்துக்குச் சென்று, அங்கே விடுதியில் தங்கிப் படிக்கிறார்கள். கடல் கொந்தளித்துக் கப்பல் ஓடாவிட்டால் வார இறுதியிலும் வீடு திரும்ப வழியில்லை. எந்தக் குழந்தைகளின் எண்ணிக்கையைக் கொண்டு பள்ளிக்கூடத்தைக் காப்பாற்றினார்களோ, அதே குழந்தைகள் படிப்பின் பொருட்டே தீவைப் பிரிய வேண்டியிருக்கிறது. லண்டனிலிருந்து வந்த தாயின் கண்ணால் தீவைக் காட்டிய நாடகம், தீவில் பிறந்து தீவை விட்டுப் போகிற பிள்ளையின் மனத்துக்குள் புக அவகாசம் எடுத்துக்கொள்ளவில்லை.

அந்தப் பிள்ளையின் கதையைப் பிற்காலத்தில் வேறொரு நாடகம் சொல்லிற்று. கேலிக் பாஷைக்கென்று 2008-இல் தொடங்கப்பட்ட பி.பி.சி. ஆல்பா அலைவரிசையில் 2014 முதல் வந்த ‘பன்னன்’, தீவை உதறிவிட்டுப் போய்க் கிளாஸ்கோவில் வழக்கறிஞரான மாரி என்ற பெண் பிறந்த மண்ணுக்குத் திரும்பி வருவதைத் தன் சொந்தப் பாஷையிலேயே பேசுகிறது. ஸ்கை தீவில் எடுக்கப்பட்ட அதில் மலையும் கடலும் இருந்த இடத்தில் இருக்க, சமையலறை மேஜையைச் சுற்றி உட்கார்ந்து பேசுவோரின் பழைய வருத்தங்களே கதையை நடத்துகின்றன. வந்தவளை வேடிக்கை பார்க்கும் கண்கள் வேறு. திரும்பியவளைக் கணக்குக் கேட்கும் கண்கள் வேறு. ‘பன்னன்’ இரண்டாவது வகைக் கண்களை அறிந்தவர்கள் எடுத்த நாடகம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

வந்து சேர்ந்தவளுக்கு ஒரு நாடகம் கிடைத்தது, போய்த் திரும்பியவளுக்கு ஒன்று கிடைத்தது. காலையில் தபால் பையைச் சுமந்து, நண்பகலில் துறையில் கப்பற் கயிற்றை வாங்கிக் கட்டி, தீ விபத்தென்றால் தண்ணீர்க் குழாயைப் பிடித்து, இப்படி நாலைந்து உத்தியோகங்களை ஒரே ஆளாகப் பார்த்துக்கொண்டு, எங்கும் போகாமல் அங்கேயே இருந்துவிட்டவருக்கு என்று யாராவது ஒரு நாடகம் எழுத மாட்டார்களா என்று ஏங்குகிறேன். அதில் மூடுபனி ஒரு காட்சியிலும் வராவிட்டாலும் எனக்குச் சம்மதமே.