கடதாசிப் பை

உம்மாவிடம் ஒரு துணிப்பை இருக்கிறது. தண்ணீரூற்றுக் காணியின் உறுதி, எங்கள் ஐந்து பேரின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்கள், வாப்பாவின் மரணப் பத்திரம், புத்தளத்தில் இருந்த காலத்து நிவாரண அட்டை எல்லாம் அதற்குள்தான். ஒவ்வொன்றுக்கும் மூன்று போட்டோ கொப்பி வேறு. வீட்டில் எது தொலைந்தாலும் தேடுவோம். அந்தப் பையைத் தேட வேண்டி வந்ததில்லை. உம்மா தூங்கும் இடத்தில் தலைமாட்டில் இருக்கும்.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது 70,000க்கும் அதிகமானோர் ஊரை விட்டுப் போனோம். முல்லைத்தீவு மாவட்டத்து முஸ்லிம்களும் அதில் அடக்கம். உம்மா இந்தப் பையை வயிற்றோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு வந்தார். பாத்திரம் போனது, தையல் மெஷின் போனது, ஆடு மாடு போனது. கடதாசி வந்தது. இருபது ஆண்டுகள் கழித்து மீளக் குடியேறப் போனபோது, ஒரு மேசைக்கு அப்பால் இருந்தவர் நீங்கள் இந்த ஊர்தான் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டார். உம்மா ஒன்றும் பேசவில்லை. பையை அவிழ்த்து உறுதியை எடுத்து மேசையில் வைத்தார். அன்றிலிருந்து அவருக்குக் கடதாசியின் மேல் இருக்கும் நம்பிக்கையை யாராலும் அசைக்க முடியவில்லை. அசைக்க வேண்டிய தேவையும் எனக்கு வரவில்லை, 2025 தொடக்கத்தில் அவரை உம்ராவுக்குக் கூட்டிப் போக நிய்யத் வைக்கும் வரை.

அப்போது உம்மாவுக்கு எழுபத்து நான்கு வயது. கையில் பட்டன் போன். பச்சைப் பட்டனை அமத்தினால் பேசலாம், சிவப்பை அமத்தினால் வைக்கலாம். அதற்கு மேல் ஒரு போன் எதற்கு என்பது அவருடைய கேள்வி. அதற்கு என்னிடம் நல்ல பதில் இருந்ததில்லை.

வவுனியா பட்டாணிச்சூரில் பயண ஏற்பாட்டாளர் எங்களை ஒருநாள் கூட்டினார். பதினெட்டுப் பேர் போகிறோம், அதில் பதினொரு பேர் அறுபதைத் தாண்டியவர்கள். இஹ்ராம் கட்டும் முறை, தவாஃப், ஸஈ என்று ஒரு மௌலவி அழகாகச் சொல்லிக்கொடுத்தார். வயோதிபர்கள் தலையாட்டிக்கொண்டு கேட்டார்கள். அவர்களுக்கு அது முன்பே தெரியும், ஆயுள் முழுக்கக் கேட்டது. பிறகு ஏற்பாட்டாளர் எழுந்து, "எல்லாரிட்டயும் ஸ்மார்ட் போன் இருக்கா?" என்று கேட்டார். சபை அமைதியாகிவிட்டது.

விஷயம் இதுதான். மதீனாவில் ரவ்ழா ஷரீபாவுக்குள் போகிறவர் முன்கூட்டியே நேரம் பதிந்துகொள்ள வேண்டும். கொரோனாக் காலத்தில், 2020 இல், சவூதி அரசு இதற்கென ஒரு செயலியைக் கொண்டுவந்தது. அதன் இடத்துக்கு 2022 இல் வந்தது நுஸுக். கடவுச்சீட்டு இலக்கம், மின்னஞ்சல், தொலைபேசி இலக்கம் எல்லாம் கொடுத்துப் பதிந்தால் நாளும் நேரமும் கிடைக்கும். போனில் வரும் கறுப்பு வெள்ளைச் சதுரத்தை வாசலில் காட்ட வேண்டும். 2023 டிசம்பரில் இருந்து ஒருவருக்கு 365 நாளுக்கு ஒரு தடவை என்றும் ஆக்கினார்கள். கோடிக்கணக்கில் ஆட்கள் வரும் ஓர் இடம் அது. நெரிசலில் மிதிபடாமல் ஒழுங்காக உள்ளே விட ஏதாவது ஒரு முறை வேண்டும்தான். அதை நான் குறை சொல்லமாட்டேன். முன்பு ரவ்ழாவுக்குள் தள்ளுப்பட்டு விலா நொந்து வந்தவர்களின் கதைகளும் எங்கள் ஊரில் உண்டு.

ஆனால் ஓர் ஆணுக்கு ரவ்ழா கிடைக்காவிட்டாலும், ஸலாம் சொல்லும் வழியால் நடந்து நபியவர்களின் கபுறைக் கடந்து போகலாம். பெண்களுக்கு அந்த வழி இல்லை. அவர்களுக்கென ஒதுக்கிய நேரத்தில் ரவ்ழாவுக்குள் போகும்போது எவ்வளவு நெருங்க முடியுமோ, அவ்வளவுதான். உம்மாவுக்கு அந்த ஒரு தடவைதான். அதற்கான திறப்பு ஒரு போனுக்குள் இருந்தது.

"கடதாசியில அடிச்சுத் தரமாட்டாங்களா மகன்?" என்று கேட்டார் உம்மா.

"போனிலதான் காட்டோணும் எண்டு சொல்றாங்க உம்மா. கடைசியில நேரம் மாறினா கடதாசிக்குத் தெரியாதாம்."

"பெற்றோலுக்குக் கடதாசி செல்லுமெண்டா ரவ்ழாவுக்கு ஏன் செல்லாது?"

2022 இல் பெற்றோல் தட்டுப்பாடு வந்தபோது எரிபொருளுக்கு கியூஆர் கொண்டுவந்தார்கள். என் மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர். உம்மாதான் அதை அச்செடுத்து லெமினேட் பண்ணிச் சாவியோடு கட்டச் சொன்னவர். செட்டில் வரிசையில் நின்ற பாதிப் பேர் போனை நோண்டிக்கொண்டு நிற்க, நான் சாவியை நீட்டிவிட்டு வந்தேன். உம்மா அதை மறக்கவில்லை.

லண்டனில் இருக்கும் மச்சானிடம் பின்னொரு நாள் இதைச் சொன்னபோது, அங்கேயும் இதே கதைதான் என்றார். ரயன்எயர் விமானக் கம்பனி 2025 நவம்பரில் இருந்து கடதாசி போர்டிங் பாஸையே நிறுத்திவிட்டது. அங்கத்தைய கிழவர்களும் பேரப்பிள்ளைகளைத்தான் பிடிக்கிறார்களாம். இங்கேயும் அப்படித்தான். உம்ராவுக்கு முன் கடவுச்சீட்டு எடுக்கவே இணையத்தில் நாள் பதிய வேண்டியிருந்தது. போன் கடைப் பெடியன் பதிந்து தந்தான். வன்னியில் இப்போது அரைவாசி வயோதிபர்களின் பயணம் அந்தப் பெடியன்மாரின் கையில்தான் இருக்கிறது. அவர்கள் கொடுக்கும் மின்னஞ்சல் முகவரியும் கடவுச்சொல்லும் அவர்களுக்கு மட்டுமே தெரியும்.

என் பழைய ஸ்மார்ட் போனை வைத்து உம்மாவுக்குப் பழக்கத் தொடங்கினேன். முதல் தடை விரல். ஓலை பின்னி, நிலக்கடலை உடைத்து, புத்தளத்தில் வெங்காயத் தோட்டக் கூலிக்குப் போய்த் தேய்ந்த விரல்கள். கைரேகையை போன் எடுக்கவே இல்லை. கண்ணாடியில் தொட்டாலும் தொட்டதாக அது நினைக்கவில்லை. உம்மா குர்ஆனின் பக்கம் புரட்டுவது போல விரல் நுனியை நாக்கில் தொட்டு வைத்தார், உடனே திறந்தது. இரண்டாவது தடை, "அமத்துறதா, தடவுறதா?" என்பது. அமத்த வேண்டிய இடத்தில் தடவுவார், தடவ வேண்டிய இடத்தில் அமத்துவார். ஒருமுறை நான் கொஞ்சம் சத்தம் போட்டுவிட்டேன். உம்மா போனை என் மடியில் வைத்துவிட்டு, "உனக்கு நான் அலிப் பே சொல்லித் தரேக்க ஒருநாளும் கத்தயில்ல" என்றார். அன்றைக்கு அதோடு பாடம் முடிந்தது.

உண்மைதான். எனக்கு மட்டுமா, புத்தளம் முகாமில் ஓலைக் கொட்டிலுக்குள் அயல் பிள்ளைகள் எல்லோருக்கும் உம்மாதான் ஓதிக்கொடுத்தார். அதை நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு ஒரு யோசனை வந்தது. செயலி ஆங்கிலத்தில் இருந்தது. அதை அரபுக்கு மாற்றினேன். உம்மாவிடம் நீட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "ஸபர், ஸேர், பேஷ் ஒண்டும் இல்லையே, இதை எப்பிடி வாசிக்கிற?" என்றார். பிறகு எழுத்தெழுத்தாகக் கூட்டினார். அலிப், லாம், றே, வாவ், ழாத்... திடீரென்று நிறுத்தினார். "அர்ரவ்ழா" என்றார். மறுபடி சொன்னார். எனக்கு ஆங்கிலத்தில் வெறும் ஒரு சொல்லாக இருந்தது அவருக்கு எழுத்தில் நின்றது. அந்தச் சொல்லைக் கண்டால் அமத்து, அவ்வளவுதான் என்றேன். அதற்குப் பிறகு அவர் தடுமாறவில்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் பயப்படவில்லை.

தண்ணீரூற்றில் இருந்து புறப்பட்ட அன்று பஸ் ஒட்டுசுட்டான், மாங்குளம் என்று வந்து ஏ9 இல் ஏறியது. ஓமந்தையைத் தாண்டும்போது உம்மா வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். 2002 ஏப்ரலில் இந்தப் பாதை திறந்து 2006 ஓகஸ்டில் மூடப்பட்டது. அந்த இடைவெளியில்தான், 2003 இல், காணியைப் பார்க்கப் புத்தளத்தில் இருந்து நாங்கள் வந்தோம். ஓமந்தையில் இறங்கி, சாமானைச் சுமந்து, வரிசையில் நின்று, படிவம் நிரப்பி, மறுபக்கம் போய் மறுபடியும் வரிசை, மறுபடியும் படிவம். இப்போது அந்த இடத்தில் பஸ் வேகம்கூடக் குறைக்கவில்லை. "அப்பயும் பாஸ் கேட்டாங்க, இப்பயும் பாஸ் கேக்கிறாங்க" என்றார் உம்மா. இரண்டும் ஒன்றல்ல என்று விளக்க வாயெடுத்தேன். அவருக்குத் தெரியாததா என்று விட்டுவிட்டேன்.

மதீனாவில் உம்மாவுக்கு நேரம் கிடைத்தது இரவில். பெண்களுக்கான வேளைகள் சுபஹுக்குப் பிறகு காலையிலும் இஷாவுக்குப் பிறகு இரவிலும். அந்த இரவு உம்மாவின் போன் சேர்ஜ் ஏறாமல் அணைந்து கிடந்தது. ஹோட்டல் அறையில் சேர்ஜரை நான்தான் சரியாகச் செருகவில்லை. வேறு வழியில்லை. என் போனில் உம்மாவின் கணக்கைத் திறந்து, பூட்டை எடுத்து, வெளிச்சத்தைக் கூட்டி, அவர் கையில் கொடுத்தேன். எங்கள் குழுவில் இருந்து வந்த மற்றப் பெண்களோடு அவர் நடந்து போனார். துணிப்பையும் தோளில் இருந்தது. வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை.

அவர் போய் மறைந்த பிறகுதான் எனக்கு உறைத்தது, இப்போது போன் இல்லாதவன் நான். நேரம் தெரியாது. மணிக்கூடு கட்டி எத்தனையோ வருடமாகிறது. உம்மாவை அழைக்க முடியாது. ஏற்பாட்டாளரின் இலக்கம் மனப்பாடமில்லை. தங்கியிருந்த ஹோட்டலின் பெயர்கூட எனக்குச் சரியாக வாயில் வரவில்லை; அது போனில் வரைபடத்தில் இருந்தது. முற்றத்தின் 250 குடைகளும் மடிந்து நின்றன. சொல்லிவைத்த தூணடியை விட்டு ஓர் அடி நகரப் பயந்து நின்றேன். பெண்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். உம்மா இல்லை. எங்கள் குழுப் பெண்களும் வந்துவிட்டார்கள், உம்மாவை உள்ளே விலக்கி விட்டார்கள் போல, தாங்கள் காணவில்லை என்றார்கள். வெள்ளைத் துணி போர்த்திய ஒவ்வொரு கிழவியையும் உம்மா என்று நினைத்துப் பார்த்தேன். வாப்பா 1998 இல் புத்தளத்தில் மௌத்தாகும்போது மதீனாவுக்கு ஒரு ஸலாம் சொல்லிவிட வேண்டும் என்று உம்மாவிடம் ஒப்புக்கொடுத்திருந்தார். அதைச் சொல்ல முடியாமல் திரும்பிவந்தால், பிழை என்னுடைய சேர்ஜரில் என்று நின்ற இடத்திலேயே கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. உம்மா வேறு பக்கத்தால், தனியாக, அவசரமில்லாமல் நடந்து வந்தார். போனை என்னிடம் தந்தார். திரை கறுப்பாக இருந்தது.

"ஏனும்மா இவ்வளவு நேரம்?"

"வாசலில அது இருட்டாப் போட்டுது. அந்தப் பொம்பள ஒருபக்கமா நிக்கச் சொல்லிக் கையக் காட்டினா. நிண்டன். விரலில துப்பலத் தொட்டுத் தடவினன், வந்திச்சு. பிறகு என்னென்னவோ படம். அர்ரவ்ழா எண்டு தேடினன். பக்கத்தில ஒரு இந்தோனேசியாப் பிள்ள, எடுத்துத் தரட்டா எண்டு கேட்ட மாதிரிக் கைய நீட்டிச்சு. நான் குடுக்கயில்ல. நானே அமத்தினன்."

"என்னைக் காணயில்லையெண்டு பயந்திட்டியா?" என்று பிறகு அவரே கேட்டார். ஓம் என்றேன். வெளியேற்றத்தின்போது சாச்சியின் குடும்பத்தை நாங்கள் தவறவிட்டது, எட்டாம் நாள் புத்தளத்தில் ஒரு பள்ளிவாசல் திண்ணையில் கண்டது எல்லாவற்றையும் ஹோட்டலுக்கு நடக்கும்போது சொல்லிக்கொண்டு வந்தார். ஒவ்வொரு பள்ளியாகப் போய் ஊரின் பெயரைச் சொல்லி விசாரித்தார்களாம். ஹோட்டலுக்கு வழியும் அவர்தான் காட்டினார். போகும்போதே திருப்பங்களில் இருந்த கடைகளைப் பார்த்து வைத்திருந்தார்.

உள்ளே என்ன துஆக் கேட்டார், வாப்பாவின் ஸலாமை எப்படிச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

ஊருக்கு வந்து மூன்றாம் நாள் என்னை முள்ளியவளைக்குக் கூட்டிப் போகச் சொன்னார். போன் கடையில் பெடியனிடம் அந்த அனுமதிப் பக்கத்தின் படத்தைக் காட்டி, கலரில் அச்செடுத்து லெமினேட் பண்ணித் தரச் சொன்னார். பெடியன் உற்றுப் பார்த்தான்.

"உம்மா, இது திகதி முடிஞ்சது. இனிச் செல்லாது."

"தெரியும் மகன். நீ பண்ணு" என்றார். லெமினேட் மெஷின் சூடாகும்வரை பையின் நாடாவை அவிழ்த்து வைத்துக்கொண்டு நின்றார்.