க்ளைவ் ஊரில் ஒரு கூடாரம்

எங்கள் தாத்தாவுக்குத் தென்னந்தோப்பில் ஒரு குடிசை இருந்தது. மேலே கீற்று, கீழே சாணம் மெழுகிய தரை, மூலையில் ஒரு மண்பானை. ராத்திரி காவலுக்குப் போய்ப் படுப்பார். விடிந்ததும், "இந்தக் கொசுக்கடிக்கு எப்பத்தான் விடிவு காலமோ?" என்று புலம்பிக்கொண்டே வீட்டுக்கு வருவார். அப்பா தலையெடுத்து, ஹவுசிங் லோன் போட்டு, காங்க்ரீட் வீடு கட்டி, தாத்தாவை ஃபேனுக்குக் கீழே படுக்க வைத்தார். எங்கள் குடும்பத்தின் முன்னேற்றம் என்றால் அதுதான்.

2024 ஆகஸ்டில் அந்த முன்னேற்றத்தை நான் ரிவர்ஸ் கியரில் ஓட்டினேன். இங்கிலாந்தில், ஷ்ராப்ஷயர் கவுண்டியில், ஓர் ஆட்டுப் பண்ணையின் புல்வெளியில், தரையில் படுத்தேன். அதுவும் காசு கொடுத்து!

என் அக்கா பர்மிங்ஹாமில் இருக்கிறாள். பி.காம். படித்துவிட்டுக் கணக்கு எழுதாமல் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கும் தம்பி மேல் இரக்கப்பட்டு, "ஒரு மாசம் வந்துட்டுப் போடா" என்று டிக்கெட் அனுப்பினாள். போய் இறங்கிய இரண்டாவது வாரம் அக்கா வீட்டுக்காரர் கேட்டார்:

"மாப்ளே, லீவு நாள்ல க்ளாம்பிங் போலாமா?"

"க்ளாம்பிங்கா? கேம்பிங் தெரியும் மாமா. இது என்ன, எழுத்துப்பிழையா?"

எழுத்துப்பிழை இல்லையாம். கேம்பிங்கோடு கிளாமரைச் சேர்த்தால் க்ளாம்பிங். 2016-லேயே ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியில் சேர்த்துவிட்டார்கள். அதாவது காட்டில் தங்க வேண்டும், ஆனால் கட்டில், மெத்தை, சுடுதண்ணீர் எல்லாம் இருக்க வேண்டும். கல்யாணத்துக்குப் போகணும், மொய் எழுதக்கூடாது என்கிற மாதிரி.

மாமா காட்டிய படத்தில் ஒரு தகரப் பெட்டி இருந்தது. அடியில் நாலு இரும்புச் சக்கரம், உச்சியில் புகைபோக்கி. 'ஷெப்பர்ட்ஸ் ஹட்' என்று பேர். நம்ம பாஷையில் கிடைக்காவல் குடிசை. அந்தக் காலத்தில் ஆடு குட்டி போடும் பருவத்தில் மேய்ப்பன் இந்தப் பெட்டியை வயலுக்கு இழுத்துப்போய், ராப்பகலாக உள்ளேயே கிடப்பான். இன்றைக்கு அதே பெட்டிக்கு வந்த வாழ்வு! பிரதமராக இருந்து இறங்கிய டேவிட் கேமரூன் 2017-ல் 25,000 பவுண்டு கொடுத்து ஒன்று வாங்கித் தோட்டத்தில் நிறுத்திக்கொண்டார், உள்ளே உட்கார்ந்து புத்தகம் எழுத. இங்கே நான் ஸ்டூலில் பேப்பர் வைத்து எழுதுகிறேன்.

"ராத்திரிக்கு எவ்வளவு மாமா?"

"நூத்தி இருபது பவுண்டு."

எனக்குள் தூங்கிக்கொண்டிருந்த பி.காம். எழுந்து உட்கார்ந்தான். அன்றைய ரேட்டில் பவுண்டுக்கு 107 ரூபாய். தாத்தா ஓசியில் படுத்த குடிசையில் படுக்க ராத்திரிக்குப் பன்னிரண்டாயிரத்துச் சொச்சம்! அதே பண்ணையில் சொந்தக் கூடாரம் அடித்துக்கொண்டால் மூன்று பேருக்கு 36 பவுண்டுதான். இரண்டு ராத்திரிக்கு மிச்சம் 168 பவுண்டு, அதாவது கிட்டத்தட்ட பதினெட்டாயிரம் ரூபாய். பேப்பரில் கோடு போட்டு, பற்று வரவு எழுதி, அடியில் ரெட்டைக் கோடு இழுத்து நீட்டினேன். மாமா பெருமூச்சு விட்டார். கராஜிலிருந்து பழைய கூடாரம் வெளியே வந்தது.

அக்காவுக்கு நைட் டியூட்டி. கிளம்பியது நான், மாமா, ஒன்பது வயசுப் பையன். அவன் என்னை 'மாமா' என்பான், நான் அவன் அப்பாவை 'மாமா' என்பேன். கூடாரத்துக்குள் அந்தச் சத்தம் கேட்டால் இரண்டு தலை திரும்பும்.

* * *

பர்மிங்ஹாமிலிருந்து மேற்கே ஒன்றரை மணி நேரம் கார் ஓட்டினால் ஷ்ராப்ஷயர் மலைகள் வந்துவிடும். அதற்கு அந்தப் பக்கம் வேல்ஸ். சர்ச் ஸ்ட்ரெட்டன் என்று ஒரு குட்டி ஊர், அதன் தலைமாட்டில் லாங் மிண்ட் என்கிற மலை. உயரம் 516 மீட்டர். கொடைக்கானலைப் பார்த்த கண்ணுக்கு இது மேடுதான். ஆனால் ஆகஸ்டில் ஹீதர் செடி பூத்து மேடு முழுக்க ஊதா நிறம். நடுநடுவே செம்மறி ஆடுகள், சோப்புப் போட்டுக் குளித்த மாதிரி.

இந்தக் கவுண்டிக்குச் சரித்திரம் ஜாஸ்தி. உலகத்தின் முதல் பெரிய வார்ப்பிரும்புப் பாலம் 1779-ல் செவர்ன் ஆற்றின் மேல் எழுந்தது இங்கேதான். ஊருக்கே அயர்ன்பிரிட்ஜ் என்று பேர் வைத்துவிட்டார்கள். மச் வென்லாக் என்கிற ஊரில் ஒரு டாக்டர், 1850-லேயே ஒலிம்பிக் பேரில் விளையாட்டுப் போட்டி நடத்தினார். ஏதென்ஸில் நவீன ஒலிம்பிக் வந்தது 1896-ல்தான். சார்லஸ் டார்வின் பிறந்தது ஷ்ரூஸ்பரியில். (இன்னொருத்தரும் இந்தக் கவுண்டிக்காரர். அவரிடம் அப்புறம் வருகிறேன்.)

கேம்பிங் என்கிற வழக்கத்துக்கும் ஒரு பிதாமகர் உண்டு. தாமஸ் ஹைராம் ஹோல்டிங் என்று ஒரு தையல்காரர். சைக்கிளில் கூடாரத்தைக் கட்டிக்கொண்டு ஊர் சுற்றியவர். 1901-ல் சைக்கிள் கேம்பர்களுக்கு ஒரு சங்கம் ஆரம்பித்தார், 1908-ல் அதற்கென்று ஒரு கையேடும் எழுதினார். தையல்காரருக்கு என்ன, கிழிந்தால் அவரே தைத்துக்கொள்வார்.

ஆனால் கண்ட இடத்தில் முளை அடித்துவிட முடியாது. இங்கிலாந்தில் டார்ட்மூர் பகுதியைத் தவிர மற்ற இடங்களில் நிலத்துக்காரர் அனுமதி வேண்டும். அதனால்தான் பண்ணைக்காரர்களுக்கு இது உபதொழில். 2023-லிருந்து, தனியாக பிளானிங் பர்மிஷன் வாங்காமலே வருஷத்தில் 60 நாள் வரை ஐம்பது கூடாரங்களுக்கு இடம் விடலாம் என்று சட்டம் தளர்ந்திருக்கிறது. ஆடு ஒரு பக்கம் மேயும், ஆபீஸ்காரன் ஒரு பக்கம் படுப்பான். இரண்டும் வருமானம்.

எங்கள் பண்ணைக்கார அம்மாவுக்கு அறுபது வயசிருக்கும். முட்டி வரை ரப்பர் பூட்ஸ். வாசலிலேயே நிற்க வைத்து ரூல்ஸ் சொன்னார். ராத்திரி பத்து மணிக்கு மேல் சத்தம் கூடாது. அடுப்புத் தட்டைப் புல்லில் வைக்கக்கூடாது, செங்கல் மேல் வைக்கணும். மூன்றாவதாக ஒன்று சொன்னபோது நான் ஆட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கூடாரம் அடிக்க ஒண்ணே முக்கால் மணி நேரம் ஆயிற்று. 'நாலு பேர் படுக்கலாம்' என்று பையில் போட்டிருந்தது. படுக்கலாம், நாலு பேரும் ரொம்ப நெருங்கிய சொந்தமாக இருந்தால். பக்கத்தில் மேய்ப்பன் பெட்டியில் ஒரு ஜோடி. உள்ளே மஞ்சள் விளக்கு, புகைபோக்கியில் மெலிசாகப் புகை. மாமா அதை ஒரு தடவை பார்த்தார், என்னை ஒரு தடவை பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

கடையில் கரியோடு விற்கும் அலுமினியத் தட்டு அடுப்பைப் பற்றவைத்து, மசாலா தடவிக் கொண்டுவந்திருந்த கோழியைச் சுட்டோம். அந்த ருசிக்கு 36 பவுண்டு தகும் என்று நானே சர்டிபிகேட் கொடுத்தேன்.

ஒன்பதரைக்கு மழை வந்தது. கூடவே குளிர், ஆகஸ்ட் மாசத்தில்! பையன் ஸ்லீப்பிங் பேக்குக்குள் சுருண்டு பல்லைக் கடித்தான். வெளியே அடுப்பில் கரி சாம்பல் பூத்து, உள்ளே சிவப்பாகக் கனன்றுகொண்டிருந்தது. தீயும் இல்லை, புகையும் இல்லை. வீணாய்ப் போகிற சூடு! சிக்கனம் என் ரத்தத்தில் ஊறியது. துண்டைச் சுற்றித் தட்டைத் தூக்கிக் கூடாரத்துக்குள், வாசலை ஒட்டிச் செங்கல் மேல் வைத்து, ஜிப்பை இழுத்து மூடினேன்.

இரண்டே நிமிஷத்தில் இதமான கதகதப்பு. "மூளைக்காரன்டா மாப்ளே" என்றார் மாமா, பாதித் தூக்கத்தில். பையன் நடுங்குவதை நிறுத்தித் தூங்கிவிட்டான். எனக்கும் கண்ணைச் சொருகியது.

திடீரென்று ஜிப் கிழிகிற மாதிரி சத்தம். டார்ச் வெளிச்சம். ஒரு ரப்பர் பூட்ஸ் உள்ளே வந்தது, தட்டை ஒரே உதை! அடுப்பு புல்லில் போய் விழுந்து மழையில் 'சொய்ய்ங்' என்றது.

"அவுட்! எல்லாரும் அவுட்!"

பையனை அள்ளிக்கொண்டு மழையில் நின்றோம். எனக்கு வந்ததே கோபம்! காசு கொடுத்து வந்தவனை இப்படியா? புல் கருகிவிடும் என்று பதறுகிறாள் போலிருக்கிறது, செங்கல்தான் வைத்திருக்கிறேனே என்று வாதாட வாயைத் திறந்தேன். அந்த அம்மா என்னைக் கவனிக்கவே இல்லை. பையன் முகத்தில் டார்ச் அடித்து, "தலை வலிக்குதா? வாந்தி வருதா? உன் பேர் என்ன?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவன் தூக்கக் கலக்கத்தில் பேரைச் சொன்னதும்தான் மூச்சு விட்டார். அவருடைய கை நடுங்கியதை அப்போதுதான் பார்த்தேன்.

* * *

அவர் வீட்டுச் சமையலறையில் டீ கொடுத்து விளக்கினார். கரி கனலும்போது கார்பன் மோனாக்சைடு வரும். நிறம் கிடையாது, வாசனை கிடையாது. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்காரும் சீட்டில், அதைவிட இருநூறு மடங்குக்கு மேல் கெட்டியாக இது உட்கார்ந்துகொள்ளும். லேசில் கிளப்ப முடியாது. தீ அணைந்த பிறகும், கரி சாம்பல் பூத்த பிறகும் மணிக்கணக்கில் வந்துகொண்டே இருக்கும். லேசாகத் தலைவலி, அசதி, அப்புறம் சுகமான தூக்கம். எழுந்து வெளியே போகணும் என்று தோன்றவே தோன்றாது. கூடாரத்துக்குள் அடுப்பைக் கொண்டுபோகக் கூடாது, வாசலில்கூட வைக்கக்கூடாது. அதுதான் நான் ஆட்டைப் பார்த்துக்கொண்டு கோட்டைவிட்ட மூன்றாவது ரூல். மழை வந்ததே என்று ஒரு சுற்றுப் பார்க்க வந்தவர், துணி வழியாகச் சிவப்பு வெளிச்சம் தெரிந்து ஓடி வந்திருக்கிறார்.

மாமா முகம் வெளுத்துவிட்டது. "எங்க வீட்டு ஹால்ல இதுக்குன்னே ஒரு வெள்ளை டப்பா மாட்டியிருக்கு மாப்ளே. மாசாமாசம் பட்டனை அமுக்கி டெஸ்ட் பண்றேன். இங்கே எனக்கு ஏன்டா தோணலை?"

எனக்குத் தாத்தா ஞாபகம் வந்தது. மார்கழிக் குளிரில் அவர் குமுட்டி அடுப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதானே தூங்கினார்? ஒன்றும் ஆகவில்லையே? யோசித்தால் புரிகிறது. கீற்றுக் குடிசைக்கு ஆயிரம் ஓட்டை. நைலான் கூடாரத்தில் ஓர் ஓட்டை இல்லை, இருந்த ஒன்றையும் நான் ஜிப் போட்டு மூடினேன். மேய்ப்பன் பெட்டிக்குப் புகைபோக்கி வைத்திருப்பதும் அழகுக்கு இல்லை. தாமஸ் ஹார்டி 1874-ல் எழுதிய நாவலிலேயே, காற்றுப் பலகையைத் திறக்க மறந்து தூங்கிய மேய்ப்பன் ஒருவன் சாகப் பிழைக்கக் கிடப்பான். நூற்றைம்பது வருஷமாகத் தெரிந்த விஷயம், எனக்குத்தான் தெரியவில்லை.

* * *

மறுநாள் யாருக்கும் மலை ஏறத் தெம்பில்லை. ஷ்ரூஸ்பரிக்குப் போனோம். சதுக்கத்தில் ஒரு சிலை. நான் சொன்ன அந்த இன்னொரு கவுண்டிக்காரர்: ராபர்ட் க்ளைவ்!

ஏழாம் வகுப்பில் என்னை ஆற்காட்டு முற்றுகைக்கு 1751 என்று மனப்பாடம் பண்ணவைத்த அதே ஆசாமி. மார்க்கெட் டிரெய்ட்டன் என்கிற ஊருக்குப் பக்கத்தில் பிறந்தவர். 1744-ல் சென்னைக்கு வந்து இறங்கியபோது பதினெட்டு வயசு, கம்பெனியில் குமாஸ்தா வேலை, சம்பளம் வருஷத்துக்கு ஐந்து பவுண்டு. என் கூடார வாடகைக்கு அவர் ஏழு வருஷம் உழைத்திருக்க வேண்டும்! ஆனால் ஆள் திரும்பிப் போனபோது இங்கிலாந்தின் பெரிய பணக்காரர்களில் ஒருவர். எந்தக் கணக்கில் வந்தது என்று 1770-களில் அவர்கள் பார்லிமென்டே விசாரித்தது. சிலையை எடுக்கச் சொல்லி 2020-ல் மனுக்கள் குவிந்தன. இருக்கட்டும் என்று கவுன்சில் ஓட்டுப் போட்டுவிட்டது.

எல்லை தாண்டினால் வேல்ஸில் போவிஸ் கோட்டை. க்ளைவின் மகன் எட்வர்ட் சென்னைக் கவர்னராக இருந்தபோதுதான், 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது. திப்பு சுல்தானின் கூடாரம், பூ வேலைப்பாடு போட்ட பருத்தித் துணிக் கூடாரம், அவர் குடும்பத்தோடு இந்தப் பக்கம் வந்து சேர்ந்தது. பிற்பாடு போவிஸில் தோட்ட விருந்துகளுக்கு அதையே பந்தலாகப் போட்டார்களாம். இன்றும் அந்தக் கோட்டையின் சேகரிப்பில்தான் இருக்கிறது. க்ளாம்பிங் என்கிற வார்த்தை வருவதற்கு முன்பே நம்ம ஊர்க் கூடாரத்தில் இவர்கள் க்ளாம்பிங் பண்ணிவிட்டார்கள், வாடகை கொடுக்காமல்!

பையனிடம் சொன்னேன். "அப்ப அந்த டென்ட்டுக்குள்ள யாராவது பார்பெக்யூ வச்சாங்களா மாமா?" என்றான். இந்த முறை இரண்டு மாமாக்களும் திரும்பவில்லை.

அன்று ராத்திரியும் அதே கூடாரம்தான். அடுப்பை இருபது அடி தள்ளி வைத்து, சமைத்து முடித்ததும் ஒரு பக்கெட் தண்ணீரைக் கொட்டினேன். அப்புறமும் திருப்தி இல்லாமல் இன்னொரு பக்கெட். குளிர் எலும்பைத் தொட்டது. மூன்று பேரும் இருக்கிற சட்டை, ஸ்வெட்டர் எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு படுத்தோம். மாமா தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும், நான் தூங்கவில்லை என்று அவருக்கும் தெரியும். நடுவில் பையன் மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது. விடியும் வரை அதைக் கேட்டுக்கொண்டே கிடந்தேன். பதினெட்டாயிரம் மிச்சம் என்று ரெட்டைக் கோடு போட்டேனே, அந்தப் பேப்பர் பேன்ட் பாக்கெட்டிலேயே இருந்தது. எடுத்துக் கிழித்துப் போட்டேன்.

காலையில் கிளம்பும்போது பண்ணைக்கார அம்மா ஆறு முட்டை கொடுத்தார். காசு வாங்கவில்லை.

காரில் ஏறியதும் மாமா சொன்னார்: "அக்காகிட்ட மூச்சு விடாதே மாப்ளே."

விடவில்லை. ஆனால் இப்போதெல்லாம் நம்ம பையன்கள் வெள்ளிக்கிழமை ஆபீஸ் முடிந்ததும் பஸ் பிடித்துக் கொடைக்கானல், மூணாறு என்று கூடாரத்துக்குப் போகிறார்கள். குளிருக்கு யாராவது ஒரு புத்திசாலி மாப்பிள்ளை கரியடுப்பை உள்ளே இழுப்பான். அவனுக்காகத்தான் இதை எழுதினேன்.

அக்கா இந்தப் பத்திரிகையை ஒரு வாரம் விடாமல் படிப்பாள். மாமா, என்னை மன்னிச்சுடுங்க.