இருபது கிலோ இரும்பு

சென்ற பொங்கல் விழா முடிந்த இரவு, நம் சங்கத்து மண்டபத்தில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தோம். நான் நான்கைந்து நாற்காலிகளை ஒருசேரத் தூக்கிச் செல்வதைக் கண்ட மாமி ஒருவர், "இந்த இரும்பு தூக்கும் பழக்கத்தை நீ இன்னும் விடவில்லையா, அம்மா? பதினைந்து வருஷமாகச் செய்கிறாயே, அதில் என்னதான் கண்டாய்?" என்று கேட்டார். கேள்வியில் பரிகாசம் இல்லை; உண்மையாகவே அறிய விரும்பித்தான் கேட்டார். நானோ சிரித்து மழுப்பிவிட்டேன். அவருக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதிலை இங்கே எழுத முயல்கிறேன்.

முதலில் ஒரு திருத்தம். நான் செய்வது பளுதூக்குதல் அன்று; வலுதூக்குதல். கர்ணம் மல்லேஸ்வரி 2000-ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் வெண்கலப் பதக்கம் பெற்றாரே, அது பளுதூக்குதல். அதில் எடையைத் தலைக்கு மேல் உயர்த்தி நிறுத்த வேண்டும். வலுதூக்குதல் ஒலிம்பிக் வாசலைக் காணாத தங்கை. இதில் காரியங்கள் மூன்றே. தண்டைத் தோளில் தாங்கிக் குந்தி எழுவது ஸ்குவாட். பலகையில் மல்லாந்து படுத்து, மார்பு வரை இறக்கி மேலே தள்ளுவது பெஞ்ச் பிரஸ். தரையில் கிடப்பதை எடுத்துக்கொண்டு நிமிர்ந்து நிற்பது டெட்லிஃப்ட். குந்துவதும் தள்ளுவதும் எடுப்பதும், அம்மிக்கும் குடத்துக்கும் இடையே நம் வீட்டுப் பெண்கள் நாள்தோறும் செய்து வந்தவைதாம். சமையல் வாயுச் சிலிண்டரில் வாயு மட்டுமே 14.2 கிலோ, உருளையின் எடையும் சேர்ந்தால் ஏறக்குறைய 30 கிலோ. அதை நகர்த்தும்போது, "இது உனக்கு எதற்கு?" என்று எவரும் என்னைக் கேட்டதில்லை.

கல்கத்தாவில் வங்கி நாற்காலியில் அமர்ந்து அமர்ந்து, என் முப்பத்தொன்பதாவது வயதில் முதுகுவலி வந்து சேர்ந்தது. லேக் மார்க்கெட்டுக்குப் பின்புறத்துச் சந்தில் ஒரு பழைய உடற்பயிற்சிக் கூடம் இருந்தது. அதை நடத்திய வங்காளப் பெரியவரை எல்லோரும் 'தாதா' என்றே அழைத்தார்கள். இங்கே தாதா என்றால் அண்ணன். அது தெரியாத என் தாயார், தொலைபேசியில் "தாதாவிடம் போய்விட்டு வந்தேன்" என்று நான் சொன்னதும் நடுங்கிப்போய், "மாப்பிள்ளைக்குத் தெரியுமா?" என்று கேட்டார். சினிமா பார்த்த பயம்!

தாதா முதல் மாதம் முழுவதும் வெறும் தண்டைத்தான் கொடுத்தார். அதன் எடை 20 கிலோ. ஒலிம்பிக் பளுதூக்குதலில் பெண்களுக்கு 15 கிலோத் தண்டு உண்டு. வலுதூக்குதலில் அச்சலுகை கிடையாது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே தண்டுதான். அது எனக்குப் பிடித்திருந்தது. நான் அவசரப்பட்டபோதெல்லாம் அவர் மனோகர் ஆயிச்சின் கதையை எடுத்துவிடுவார். ஐந்தடியை எட்டாத உயரம் கொண்ட அந்த வங்காள வீரர், 1952-இல் மிஸ்டர் யூனிவர்ஸ் போட்டியில் தம் பிரிவில் வென்றவர். நூறு வயதையும் கடந்து வாழ்ந்து 2016-இல் மறைந்தார். "அவர் அவசரப்பட்டாரா, திதி?" என்று கேட்பார் தாதா.

இரண்டாம் வருஷத்திலேயே முதுகுவலி போய்விட்டது. அதற்காகத்தான் என்றால் அன்றே நிறுத்தியிருக்கலாம். ஆனால் அதற்குள் எண்களின் மோகம் என்னைப் பிடித்துக்கொண்டது. மிகச் சிறிய வட்டு 1.25 கிலோ, இருபுறமும் ஒவ்வொன்றாக மாட்டினால் 2.5 கிலோ ஏறும். தொடக்க காலத்தில் வாரந்தோறும் ஏறியது; பிறகு மாதந்தோறும்; பிறகு வருஷத்துக்கு ஒருமுறை ஏறினால் பாக்கியம். எல்லாவற்றையும் ஒரு நோட்டுப்புத்தகத்தில் தேதியிட்டுக் குறித்து வந்தேன். நாற்பத்துநான்காம் வயதில் டெட்லிஃப்ட் 110 கிலோ, ஸ்குவாட் 85 கிலோ என்று எழுதியிருக்கிறேன். அந்தப் பக்கத்தின் மூலை, நான் அடிக்கடி திருப்பிப் பார்த்ததால் கிழிந்தே போயிற்று.

இவ்விளையாட்டில் நாற்பது வயதில்தான் மூத்தோர் பிரிவு தொடங்குகிறது. எழுபதைக் கடந்தவர்களுக்கும் இடம் உண்டு. நாற்பத்தாறாம் வயதில் நானும் ஒரு போட்டிக்குப் பெயர் கொடுத்தேன். ஸ்குவாட்டில் மூன்று வாய்ப்புகள். இடுப்பு மடிப்பு முழங்காலின் மேல்மட்டத்துக்குக் கீழே இறங்க வேண்டும். மூன்று நடுவர்களில் இருவராவது வெள்ளை விளக்கு காட்ட வேண்டும். 80 கிலோவில் தொடங்கினேன். இரண்டு சிவப்பு. மறுமுறை மூன்றும் சிவப்பு. மூன்றாம் முறை பிடிவாதமாக ஆழ இறங்கினேன்; எழ முடியவில்லை. இருபுறமும் காவல் நின்ற பிள்ளைகள் தண்டைப் பிடித்துக்கொண்டார்கள். மூன்றும் தவறினால் மொத்தக் கணக்கு என்பதே இல்லை. மற்ற இரண்டையும் எவ்வளவு நன்றாகச் செய்தாலும் பெயருக்கு எதிரே எண் இராது.

நடுவர்கள் மீது கோபங்கொண்டு நான்கு மாதம் கூடத்தின் பக்கமே போகவில்லை. நோட்டுப்புத்தகம் பருப்பு டப்பாக்களுக்குப் பின்னால் கிடந்தது. வீட்டில் எவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. பேசாதிருந்ததுதான் அதிகம் சுட்டது. எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்தில் இளவட்டக்கல் ஒன்று உண்டு. ஒரு காலத்தில் அதைத் தூக்கித் தோளுக்குப் பின்னால் எறிந்த இளைஞனுக்குப் பெண் கொடுப்பார்களாம். தூக்கியவன் மறுபடி அக்கல்லை ஏறிட்டும் பாரான். நானும் போட்டியை அப்படித்தான் எண்ணியிருந்தேன்போலும்.

ஒரு மாலை வாழைப்பூவும் கறிவேப்பிலையும் வாங்கிக்கொண்டு அச்சந்து வழியே திரும்பியபோது, உள்ளே இரும்பு தரையில் இறங்கும் ஓசை கேட்டது. கால்கள் நின்றன. பையுடனே உள்ளே போனேன். தாதா ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை. வெறும் தண்டைக் காட்டினார். ஒரு சிறு முக்காலியைப் பக்கவாட்டில் இழுத்துப்போட்டு அமர்ந்து, நான் குந்துவதைப் பார்த்தார். வட்டுகளை ஏற்ற ஏற்றப் பார்த்துக்கொண்டே இருந்தார். "20 கிலோவில் சரியாக இறங்குகிறாய். 60 வரையிலும் சரி. அதற்கு மேலே ஒவ்வொரு வட்டுக்கும் ஒரு விரற்கடை உயர்ந்துவிடுகிறாய்" என்றார்.

அன்று இரவு டப்பாக்களை நகர்த்தி நோட்டுப்புத்தகத்தை எடுத்தேன். ஏறக்குறைய இரண்டு வருஷத்து ஸ்குவாட் எண்கள் எவையும் உண்மையல்ல. எடை ஏறியது நான் வலுத்ததனால் அன்று. இறங்க வேண்டிய ஆழத்தைச் சிறிது சிறிதாகக் களவாடியதனால். அவர் தனியாகப் பலமுறை சொல்லியும் இருக்கிறார்; என் காதில் எண் மட்டுமே விழுந்தது. நடுவர்கள் சரியாகத்தான் விளக்குப் போட்டார்கள். 85 என்று எழுதிய இடத்தில் குறுக்கே ஒரு கோடு இழுத்து, அருகில் 60 என்று எழுதினேன். வங்கியில் தவறான பதிவுகளை நாள்தோறும் திருத்தியவள்தான் நான். ஆயினும் அந்த ஒரு கோட்டை இழுக்க வெகுநேரம் ஆயிற்று.

உண்மையான 70 கிலோவை எட்ட மேலும் ஐந்து மாதம் பிடித்தது. அதற்குப் பின் போட்டிக்குப் பெயர் கொடுக்கவில்லை. கோபத்தினால் அன்று, தேவைப்படவில்லை.

இப்போது எனக்கு ஐம்பத்துநான்கு. மாதவிலக்கு நின்றபின் பெண்களுக்கு எலும்பின் அடர்த்தி வேகமாகக் குறையும் என்றும், எடை தூக்குவது அக்குறைவைத் தாமதப்படுத்தும் என்றும் மருத்துவர் சொல்லி, தொடர்ந்து செய்யச் சொன்னார். நல்லதுதான். எனினும் மாமியின் கேள்விக்கு அதைப் பதிலாகச் சொன்னால் பொய்யாகிவிடும். வீட்டில், அலுவலகத்தில், நம் சங்கத்தில்கூட, சற்றுக் குறையச் செய்துவிட்டு முழுதும் செய்ததாகச் சொல்லிக்கொள்ள எனக்கு எத்தனையோ இடம் இருக்கிறது. அந்தச் சந்தில் மட்டும் இல்லை. வாரத்துக்கு மூன்று மாலை அங்கே போகாவிட்டால் என்னை நானே நம்ப முடிவதில்லை. இதைத்தான் கண்டேன், மாமி. நாற்காலி அடுக்கும்போது சொல்ல வரவில்லை.

தாதாவுக்கு இப்போது முழங்கால் வலி, முக்காலியைவிட்டு எழுவதில்லை. எண்கள் இறங்குகின்றன. சென்ற செவ்வாய்க்கிழமை மழை. ராஸ்பிஹாரி அவென்யூவில் கணுக்கால் அளவு தண்ணீர். அன்றைய பக்கத்தில் இப்படி இருக்கிறது: "ஸ்குவாட் 62.5, ஐந்து முறை. நான்காவது ஆழம் போதாது, கணக்கில் சேர்க்கவில்லை."